தண்டால் எடுக்க வரவில்லையா? படிக்கட்டுக்கு வாருங்கள்

ரங்கூன் நகர் நடுவே, லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறேன். 38 வயதில் ஒருநாள் 20 லிட்டர் தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்கு மேல் தூக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் நன்றாகத்தான் ஏறியது. கையும் தோளும்தான் விட்டுவிட்டன. பிறகு அதே படிக்கட்டில்தான் தண்டால் பழகினேன். முதல் ஒன்று எடுக்க எனக்கு நான்கரை மாதம் ஆனது. இப்போது வயது 52. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாம்வேயிலிருந்து ஒரு சகோதரி, 34 வயது: அக்கா, தரையில் ஒரு தண்டால்கூட வரவில்லை. கீழே இறங்கினால் அப்படியே படுத்துவிடுகிறேன். முழங்காலை ஊன்றிச் செய்தால் மூன்று வருகிறது. ஒரு வருஷமாக அதே மூன்றுதான். என் கைக்கு இது வராதா?

வரும் தங்கச்சி. உங்கள் கையில் குறை இல்லை, ஏறின ஏணியில்தான் நடுப்படிகள் இல்லை.

தரையில் தண்டால் எடுக்கும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் கைக்கு வருகிறது. முழங்காலை ஊன்றினால் 49 சதவீதம். நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 29 கிலோவிலிருந்து நேராக 38 கிலோவுக்குத் தாவப் பார்க்கிறீர்கள். கடையில் அரிசி தூக்கிப் பழகுகிறவனிடம் ஐந்தாறு வீசையை, அதாவது ஒன்பது கிலோவை, ஒரே நாளில் ஏற்றிவைத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். இன்னொன்று, முழங்காலில் நிற்கும்போது இடுப்பும் தொடையும் வேலை செய்யக் கற்றுக்கொள்வதில்லை. தரைக்குப் போனதும் வயிறு தொங்கிவிடுவது அதனால்தான்.

கையை உயரத்தில் வைத்தால் கணக்கு மாறுகிறது. 60 செ.மீ. உயரத்தில் கை வைத்தால் 41 சதவீதம்தான் கைக்கு வரும். 30 செ.மீ. உயரத்தில் 55 சதவீதம். கை வைக்கும் உயரம்தான் நமக்கு எடைக்கல். நம் ஊர்க் கட்டடங்களில் அதற்கென்றே கட்டிவைத்த மாதிரி படிக்கட்டு இருக்கிறது. ஒரு படி 18 செ.மீ. என்றால், ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடும்.

செய்யும் முறை இது. கீழே தளத்தில் கால் விரல்களை ஊன்றி, ஐந்தாம் படியின் விளிம்பில் கை வையுங்கள். நெஞ்சு படி விளிம்பைத் தொடும்வரை இறங்கி மேலே வாருங்கள். முழு ஒழுங்கோடு எட்டு வருகிறதா? நான்காம் படிக்கு இறங்குங்கள். ஐந்து வந்து ஆறாவதில் கை நடுங்குகிறதா? அதுதான் இன்றைக்கு உங்கள் படி. அங்கே ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. மூன்று சுற்றும் எட்டு எட்டாக வந்துவிட்டால் அடுத்த நாள் ஒரு படி கீழே. உயிரைக் கொடுத்துக் கடைசி ஒன்றை எடுக்க வேண்டாம். இன்னும் ஒன்று வரும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் சட்டென்று எண்ணிக்கை கூடும். தசை அதற்குள் பெருத்துவிடுவதில்லை. இருக்கிற தசையை ஒன்றாகக் கூப்பிட நரம்பு கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு வேகம் குறையும், அப்போது மனம் தளரக் கூடாது. ஒரு வருஷம் நீங்கள் விடாமல் செய்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும். உங்களுக்கு வந்தே தீரும்.

இன்செயினிலிருந்து ஒரு தம்பி, 22 வயது: நான் 15 எடுக்கிறேன் ஆன்ட்டி. கூட்டாளிகள் அது தண்டாலே இல்லை என்கிறார்கள். எதைக் கணக்கில் சேர்ப்பது?

வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உன் முதுகில் துடைப்பக் கட்டையை நீளவாக்கில் வைக்கச் சொல் தம்பி. பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று இடத்திலும் கட்டை ஒட்டியிருக்க வேண்டும். இறங்கும்போது ஓர் இடம் விட்டுப்போனால் அந்த எண்ணிக்கை போச்சு. பெரும்பாலும் விட்டுப்போவது தலைதான். மூக்கால் தரையைத் தொட்டுவிட்டு நெஞ்சும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முழங்கை இரண்டு பக்கமும் நேராக விரியாமல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். மேலேயிருந்து பார்த்தால் அம்பு முனை மாதிரி தெரியும். கை தோளைவிடக் கொஞ்சம் அகலம். பிட்டத்தை இறுக்கிப் பிடித்தால் இடுப்பு தானாகவே தொங்காது. இறங்கும்போது மூச்சை உள்ளே இழு, ஏறும்போது விடு. இப்படிச் செய்து உன் 15 ஐந்தாகக் குறைந்தால் வருத்தப்படாதே. அந்த ஐந்தும் சொந்தக் காசு மாதிரி.

தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, பெகு: கையை ஊன்றினாலே மணிக்கட்டு வலிக்கிறது.

நாள் முழுக்கத் துணியை அழுத்திப் பிடிக்கிற கை, அதைத் திடீரென்று பின்னால் மடித்து எடையை ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும். படி விளிம்பைப் பிடித்துச் செய்யும்போது மணிக்கட்டு அவ்வளவு மடங்காது, அதனால் உங்களுக்கும் படிக்கட்டே நல்லது. தரைக்கு வரும் காலத்தில் மடித்த துண்டின் மேல் விரல்களை முஷ்டியாக மடக்கி ஊன்றிச் செய்யலாம். தொடங்கும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது, எழுந்தால் கை உதற வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். நரம்பு அழுந்துகிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

மோல்மேனிலிருந்து ஒரு ஐயா, 61 வயது: பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன் அம்மா. பேரன் தண்டால் எடுப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் செய்யலாமா?

ஆசை வந்ததே பாதி வேலை ஐயா. பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 65 தாண்டியவர்களுக்கும் அதே வார்த்தைதான். ஆனால் மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரையும் இருந்து, கண்ணின் ரத்தக்குழாயில் கோளாறு என்று சொல்லியிருந்தால் கண் டாக்டரிடமும் கேளுங்கள்.

உங்களுக்குப் படிக்கட்டுகூட வேண்டாம், சுவரில் தொடங்குங்கள். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, நெஞ்சு உயரத்தில் கை வைத்து, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். பத்து பத்தாக இரண்டு சுற்று. அது சுலபமானதும் கனமான மேசை விளிம்பு. மேசை நகராமல் சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினால் பிரஷர் சட்டென்று ஏறும். அதனால் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது. பேரனும் கூட நின்று எண்ணட்டும். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

தட்டோனிலிருந்து ஒரு தாய்: சிசேரியன் ஆகி ஐந்து மாதம். எப்போது தொடங்கலாம்?

பார்த்த டாக்டர் உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டாரா? அப்படியானால் சுவரிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னால் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வயிற்றின் நடுக்கோட்டில் கூம்பு மாதிரி மேடு எழுந்தால் வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். சுவரில் செய்யும்போதும் அந்த மேடு எழுந்தால் நிறுத்திவிட்டு, மூச்சுப் பயிற்சியோடு மெதுவாகப் போங்கள். அவசரமே இல்லை. பிள்ளையைத் தூக்கித் தூக்கி உங்கள் கை ஏற்கெனவே பழகிக்கொண்டுதான் இருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் ஒரு தம்பி: விரத நாட்களில் முட்டையும் கிடையாது, மீனும் கிடையாது. தசைக்குப் புரதம் எங்கிருந்து வரும்?

பயிற்சி செய்கிறவருக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் நல்லது. 55 கிலோ ஆளுக்கு 66 கிராம் என்று வைத்துக்கொள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஆகவே முட்டை இல்லாததால் உலகம் நின்றுவிடாது. காலையில் தெருமுனையில் விற்கும் பேபியோ, அந்த அவித்த முளைப்பயறு, எவ்வளவு நல்ல சாப்பாடு! நான்பியா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி கொஞ்சமாக வாங்காமல் ஒரு கிண்ணம் நிறைய வாங்கு. மதியம் பருப்பைச் சாற்றுத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாக ஊற்றிக்கொள். வேர்க்கடலை, சோயா தோஃபு, தயிர் எல்லாம் சேர்த்துக்கொள். ஷான் தோஃபு கடலைமாவைக் காய்ச்சி உறையவைத்தது. எனக்கு உயிர் அது, ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம், அதை நம்பிக் கணக்குப் போடாதே.

விரதத்தில் ஒருவேளைதான் சாப்பிடுகிறாய் என்றால் அந்த நாட்களில் படி இறங்கப் பார்க்காதே. இருக்கிற படியிலேயே வாரம் இரண்டு நாள் செய், போதும். காவடி தூக்கும் தோளை அந்த வாரம் களைக்கவைக்கக் கூடாது.

ஒரு சகோதரி: தண்டால் எடுத்தால் தோள் ஆம்பிளைத் தோள் மாதிரி ஆகிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

ஆகாது. தசையைப் பெருக்கவைக்கும் சுரப்பு பெண்களுக்கு மிகக் குறைவு. மாமியாரிடம் அரிசி மூட்டையை ஒருநாள் நீங்களே தூக்கி வைத்துக் காட்டுங்கள்.

தாத்தாவின் நினைவாக ஒருவர்: என் தாத்தா எண்ணெய் தேய்த்துக்கொண்டு தண்டாலும் பஸ்கியும் எடுப்பார். அவருடைய தண்டால் வேறு மாதிரி, வளைந்து வளைந்து போகும். எது சரி?

இரண்டும் சரிதான். அவர் எடுத்தது பயில்வான் தண்டால். இடுப்பை வானத்துக்குத் தூக்கி நின்று, நெஞ்சைத் தரையோடு உரசுவதுபோல முன்னே விட்டு, பாம்பு படம் எடுப்பதுபோல நிமிர்ந்து, மறுபடி பின்னால் போவது. தோளும் முதுகும் இளகும், மூச்சும் பெருகும். ஆனால் தோள் ஒரே அசைவில் பல கோணங்களில் எடையைத் தாங்க வேண்டும். நேர்த் தண்டால் குறைந்தது ஐந்து ஒழுங்காக வந்த பிறகு அதற்குப் போங்கள்.

இந்த மண்ணிலும் உடற்பயிற்சிக்குப் பழைய பேர் உண்டு. பர்மா 1937இல்தான் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தின வருஷம் பெர்லின் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பளு தூக்கியவர் ஸோ வெய்க் என்ற பர்மாக்காரர். உங்கள் தாத்தா காலத்துப் பிள்ளைகள் அந்தப் பேரைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

அலோனிலிருந்து ஒரு தங்கை: இரண்டாம் படிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குக் கீழே இறங்க முடியவில்லை அக்கா.

நானும் அதே இடத்தில்தான் நின்றேன், ஐந்து வாரம். அங்கே எனக்கு உதவியது இறங்கும் பாதி மட்டும்தான். தண்டாலில் ஏறும் பலத்தைவிட இறங்கும் பலம் நமக்கு எப்போதுமே அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள். தரையில் கை நீட்டி நின்று, ஐந்து எண்ணும்வரை மெதுவாக, உடம்பு வளையாமல் தரைக்கு இறங்கு. படுத்ததும் முழங்காலை ஊன்றி எழுந்துகொள், ஏறப் பார்க்காதே. இப்படி நான்கு, வாரத்தில் இரண்டு நாள், படிக்கட்டுப் பயிற்சிக்கு முன்னால். முதல் தடவை செய்ததும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் நெஞ்சு, கையின் பின்பக்கம் எல்லாம் வலிக்கும். அது இறங்கு பயிற்சியின் வழக்கமான வலி, தானாகவே போய்விடும்.

கூடவே இழுக்கும் பயிற்சியும் ஒன்று சேர்த்துக்கொள். நாற்காலியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையால் 5 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியை, அதாவது மூன்று வீசையை, இடுப்புவரை இழு. தள்ளிக்கொண்டே இருக்கிற தோள் முன்னால் சுருண்டுவிடும். இழுத்தால் நேராக நிற்கும்.

ஒரு தம்பி: தினமும் 100 எடுத்தால் சீக்கிரம் வருமா?

ஒன்று வராதவனுக்கு 100 எதற்கு? ஓய்வு நாளில்தான் தசை கட்டிக்கொள்கிறது. தோளுக்குள் கூர்மையாகக் குத்தினால் அன்று நிறுத்திவிடு.

பசுண்டாங்கிலிருந்து ஒரு அண்ணி: எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் கரண்டு வருகிறது. வேலையெல்லாம் முடிய பத்தாகிவிடும். அந்த நேரத்தில் செய்யலாமா?

செய்யலாம் அண்ணி. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். படிக்கட்டில் விளக்கு இல்லையென்றால் ஒரு டார்ச்சை மேல் படியில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மற்றவர்களின் செருப்பு ஈரம் படியிலேயே நிற்கும். கை வைக்கும் விளிம்பையும் கால் ஊன்றும் இடத்தையும் பழந்துணியால் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு நில்லுங்கள். யாராவது ஏறி வந்தால் எழுந்து வழிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இன்று ராத்திரி ஐந்தாம் படியில் ஐந்து போதும்.