அப்பாவுக்குப் புற்றுநோய்: என் படிப்புக்கு உதவி கிடைக்குமா?

கேள்வி: அன்ரி, எங்கட அப்பா கடற்றொழில் செய்தவர். போன வருஷம் வாய்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனும் கதிர்ச் சிகிச்சையும் செய்தார்கள். அம்மாவும் கூடப் போய் நின்றதால் அவவின் கருவாட்டு வேலையும் போய்விட்டது. நான் ஏ.எல். (உயர்தரம்) உயிரியல் படிக்கிறேன், தம்பி தரம் 9. புற்றுநோய் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருக்கிறதா? இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.
- பெயர் வேண்டாம், திருக்கடலூர்

பதில்: கடைக்குப் போகாதே, பிள்ளை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாய்ப்புற்றுக்கான கதிர்ச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், ஆறேழு வாரம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் கொழும்பு பஸ்ஸுக்கும், தங்குகிற அறைக்கும், வெளியில் எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கும் யார் கொடுப்பது? அதற்கு மேல் இரண்டு பேரின் உழைப்பும் ஒரே நாளில் நின்றுபோகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ புத்தகத்தைத் திறப்பதே பெரிய காரியம்.

நம் நாட்டில் அரசாங்க உதவிகள் நோயின் பெயரைப் பார்த்துக் கிடைப்பது குறைவு. குடும்ப வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் உன் வீட்டு வருமானம் இன்றைக்கு என்ன என்பது கடதாசியில் சரியாக ஏறவேண்டும். பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். நான் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவியின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கடற்றொழில்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். தகப்பன் மாதக்கணக்காகப் படுக்கையில். அந்த ஒற்றைச் சொல்லை வாசிப்பவர் என்ன நினைப்பார்? வள்ளம் இருக்கிறது, மீன் வருகிறது, காசு வருகிறது என்றுதானே? ‘இன்ன மாதம் முதல் புற்றுநோய் காரணமாகத் தொழிலுக்குச் செல்லவில்லை, பராமரிப்பதால் தாயும் வேலை இழந்தார்’ என்று பக்கத்தில் எழுதவைத்தேன். நீயும் அப்படியே எழுது. கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று எடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கேள். அவருக்கு அப்பாவைப் பழைய கடலோடியாகத்தான் தெரிந்திருக்கும். வள்ளத்து எஞ்சின் அடகில் இருந்தால் அதையும் மறைக்காதே. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

நோய் நிர்ணய அட்டை, திகதி போட்ட கிளினிக் கொப்பி, மருந்துக்கடை பில், அறை வாடகைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வை. பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திக்கொள். அசலைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது.

பிறகு திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குப் போ. 1978இல் சட்டம் மூலம் உருவான ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு போலக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சிகிச்சைக்கு உதவுவதுடன், குறைந்த வருமானக் குடும்பத்து ஏ.எல். மாணவருக்குப் புலமைப்பரிசிலும் வழங்கியிருக்கிறார்கள். அப்பாவின் எந்தச் செலவுக்குக் கேட்கலாம், உனக்கு எப்போது விண்ணப்பம் கோருவார்கள் என்று இரண்டையும் ஒரே நாளில் விசாரி. அதிபரிடமும் சொல்லி வை. தம்பி தரம் 5 புலமைப்பரிசில் பெற்றவன் என்றால், மாதம் 750 ரூபாயாக இருந்த கொடுப்பனவை 1,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அவனுக்கு ஒழுங்காக வருகிறதா பார்.

நீ பல்கலைக்கழகம் போகும்போது மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி காலத்தில் சட்டமாகி இன்றுவரை நடக்கிற நிதியம். அதே வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயை 7,500 ஆகவும், அது கிடைக்காதவர்களுக்கான பேசரி என்கிற உதவிப்பணத்தை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். பள்ளிக்கூடத்தை இப்போது விட்டால் இதுவும் கைவிட்டுப் போகும்.

இப்போதைக்கு உன்னை அழுத்துவது ரியூசன் காசாகத்தான் இருக்கும். ஆசிரியரிடம் நேரே போய்ச் சொல், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. விஷயம் தெரிந்தால் இந்த ஊரில் காசு வாங்காமல் இருத்தும் ஆசிரியர்கள் உண்டு. பழைய மாணவர் சங்கத்தையும் விட்டுவிடாதே. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பாடசாலை ஊடாக ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறார்கள். அதிபர் பெயர் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: என் தாய் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அமெரிக்கப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா?
- மாணவர், கிண்ணியா

பதில்: ஒரு சதமும் கட்டாதீர்கள், தம்பி. அமெரிக்காவில் இப்படியான நிதியங்கள் இருப்பது உண்மை. 1993இல் தொடங்கிய ‘கான்சர் ஃபோர் காலேஜ்’ அப்படி ஒன்று. ஆனால் அது புற்றுநோயிலிருந்து மீண்டு, அங்கேயே வசித்துப் படிக்கிற மாணவருக்கானது. உம்மாவுக்கு வந்த நோயை வைத்து, கிண்ணியாவில் இருக்கிற நீங்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. உதவித்தொகை தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடமே காசு கேட்டால் அத்துடன் பேச்சை நிறுத்திவிடுங்கள். உம்மாவின் மருத்துவ அறிக்கையையும் அடையாள அட்டைப் படத்தையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்படியென்றால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள்.