செயலிழந்த உதைபந்தாட்ட லீக்கின் நிர்வாகத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி: வன்னியில் எங்கள் பிரதேச உதைபந்தாட்ட லீக் இரண்டு வருடமாக ஒரு சுற்றுப்போட்டியும் நடத்தவில்லை. தலைவர் விலக மாட்டேன் என்கிறார். இளம் கழகங்கள் சேர்ந்து நிர்வாகத்தை மாற்ற நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, உங்கள் லீக்கின் றப்பர் முத்திரை தலைவரின் வீட்டு லாச்சிக்குள் இருக்கும். வங்கிப் புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. செயலாளர் பிரான்சுக்கோ கனடாவுக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். சரியா? நான் இதே மாதிரி ஒரு லீக்கில் பொருளாளராக இருந்தவன். எந்த லீக் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். கிளிநொச்சி வன்னியா இல்லையா என்று சண்டை பிடிக்க வருகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்தல் மாவட்டக் கணக்கில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவுதான் வன்னி, கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு. எனக்கு ஆனையிறவுக்குத் தெற்கே எல்லாம் வன்னிதான்.

முதலில், மனு எழுதிக்கொண்டு அரசியல்வாதியிடம் ஓடாதீர்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு நிறைய அதிகாரம் கொடுக்கிறது. உலக உதைபந்தாட்டத்தை நடத்தும் பீஃபாவோ, உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியத்தில் வெளியார் கை வைக்கக் கூடாது என்கிறது. அந்த இழுபறியில்தான் 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசி வரை தேசிய அணிக்கு சர்வதேச ஆட்டம் இல்லை. உங்கள் லீக்கை பீஃபா திரும்பியும் பார்க்காது, உண்மைதான். ஆனால் ஒரு எம்பி உள்ளே வந்தால் மற்றக் கட்சிக்காரக் கழகங்கள் மறுநாளே வெளியே போய்விடும். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி என் கதை. 2009க்குப் பிறகு முகாமில் இருந்து திரும்பியபோது எங்கள் மைதானம் பற்றைக்காடு. யாப்பு, பதிவேடு, கிண்ணம் எதுவும் மிஞ்சவில்லை. மிதிவெடி எடுத்து முடித்த பிறகு, காட்டுத்தடி வெட்டி கோல் கம்பம் நட்டு, ஆறு கழகங்களைக் கூட்டி லீக்கை எழுப்பியவர் எங்கள் லீக்கின் தலைவர்தான். அந்த மரியாதையிலேயே ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கை தூக்கி அவரையே திரும்பத் தெரிவு செய்தோம். வருடங்கள் ஓடின. லீக் படுத்துவிட்டது.

நான் பொருளாளர் ஆனபோது கையில் கிடைத்தது ஒரு சொப்பிங் பை நிறையப் பற்றுச்சீட்டும், மூன்று பக்கம் மட்டும் எழுதிய ஒரு எண்பது பக்கக் கொப்பியும். எனக்கு அப்போது வாலிப முறுக்கு. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, கழகங்கள் கட்டிய சந்தா எங்கே, போன இறுதியாட்டத்துக்கு வெளிநாட்டில் இருந்து வந்த காசு எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கை தட்டினார்கள். நான் பெரிய வீரன் மாதிரி உட்கார்ந்தேன். தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், முத்திரையும் அவரோடு போய்விட்டது. நான்கு கழகங்கள் அவர் பின்னால் போயின. அந்த வருடம் லீக் போட்டியே நடக்கவில்லை. கை தட்டியவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் காலபோக அறுவடை முடிந்து ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். முத்திரை தேவைப்பட்டது. அவர் முற்றத்தில் பேசாமல் இருந்தார். அவருடைய மனைவிதான், "தம்பி, நீங்கள் கணக்குத்தானே கேட்டீர்கள்?" என்று உள்ளே போய்ப் பழைய நாட்காட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மாதத் தாளின் பின்னாலும் அந்த அக்கா எழுதி வைத்திருந்தார்: வான் கூலி, நடுவர் இருவருக்குச் சாப்பாடு, பந்து இரண்டு, கால் முறிந்த பெடியனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. இரண்டு பின்னேரம் இருந்து கூட்டிக் கழித்தோம். லீக் காசில் அவர் கடைக்குச் சாமான் எடுத்திருந்தார், அதுவும் உண்மை. ஆனால் கடைசியில் பார்த்தால் லீக்தான் அவருக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்!

நான் கள்ளன் என்று நினைத்த மனிதன் கள்ளன் இல்லை. லீக் காசும் கடைக் காசும் ஒரே பொக்கட்டில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கு முடியாமல் எழுந்து போனால் ஊர் கள்ளன் என்று சொல்லும் என்ற பயத்தில்தான் அவர் கதிரையை விடவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வாக்கெடுப்புக்கு முன்னால் அவருடைய கணக்கை முடியுங்கள். கூட்டத்தில் வேண்டாம், அவர் வீட்டில் வைத்து. எல்லாத் தலைவர்களும் இப்படி நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. முழுங்கியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அந்த இரண்டு பின்னேரத்தில் தெரிந்துவிடும். எங்கள் தலைவருக்குக் கொடுக்க வேண்டிய காசில் பாதியைக் கொடுத்தோம், மீதியை அவர் வேண்டாம் என்றார். முத்திரையை அக்காதான் ஒரு ரொபி டப்பாவில் போட்டுத் தந்தார்.

அப்புறம் செய்தவை சின்ன வேலைகள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம். போன பருவத்தில் மைதானத்தில் இறங்கி விளையாடாத கழகத்துக்கு வாக்கு இல்லை என்று யாப்பில் ஒரு வரி. இதற்குத்தான் அதிக சண்டை, ஏனென்றால் கடிதத் தலைப்பில் மட்டும் உயிரோடு இருக்கும் கழகங்கள்தான் தேர்தலைத் தீர்மானித்துக்கொண்டிருந்தன. ஒரு வீரன் இரண்டு கழகத்துக்கு ஆடாமல் இருக்க அடையாள அட்டைப் பிரதியோடு பதிவு. ஒவ்வொரு சுற்றுப்போட்டி முடிந்தும் வரவு செலவைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. வெளிநாட்டில் இருந்து உதவுகிற அண்ணைமாரிடம், ஆளுயரக் கிண்ணம் வேண்டாம், நடுவர் கொடுப்பனவையும் பயணச் செலவையும் தாருங்கள் என்று கேளுங்கள். சிலர் கோபிப்பார்கள். கிண்ணத்தில்தான் அவர்களுடைய அப்பாவின் பெயர் பொறிக்க முடியும்.

பிரதம விருந்தினர் விஷயத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். தொண்ணூறு நிமிடமும் இடைவேளையும் என்றால் நாலேகாலுக்காவது பந்தை உருட்ட வேண்டும். அவர் ஐந்தரைக்கு வந்து, மாலை போட்டு, விளக்கேற்றி, உரையாற்றி முடிய, பந்து எது காகம் எது என்று தெரியாது.

சந்தா பற்றி ஒரு சொல். எங்கள் கழகங்கள் நெல் விற்றால்தான் சந்தா கட்டும். ஆனால் அறுவடை நேரத்தில் நியாய விலைக்கு நெல் வாங்க ஆள் வருவதில்லை. வருகிறபோது நாங்கள் வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளி முடித்திருப்போம். ஈரம் கூட என்று அவர்கள் வெட்டுகிற கிலோக்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வருடா வருடம் இதே கூத்து, கேட்க நாதி இல்லை. உதைபந்தாட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சந்தாப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாசி மாதம் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள், தெரியும்.

நான் இப்போது பொருளாளர் இல்லை. போன பொதுக்கூட்டத்தில் இளம் பெடியள் என்னிடம் கணக்குக் கேட்டார்கள். இரண்டு பற்றுச்சீட்டு குறைந்தது. எல்லோர் முன்னாலும்தான் கேட்டார்கள். காசை என் கையால் வைத்துவிட்டு வந்தேன், செருப்பைத் தேடும்போது கை நடுங்கியது. அந்தச் சீட்டுகளை இன்னும் வீட்டில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.