புதினாவை அரைக்காதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாதம் இரண்டாம் வாரத்தில் என் மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். 30 பேர் வருவார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வருகிறவர்களுக்குக் கடையில் விற்கும் பாட்டில் பானத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. நாமே செய்யலாம் என்று தர்பூசணியையும் ஒரு கைப்பிடிப் புதினாவையும் மிக்ஸியில் ஒன்றாக அரைத்துப் பார்த்தேன். அரைத்தவுடன் மணமாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் சேறு கலந்தாற்போல் நிறம் மாறி, நாக்கில் கசப்பு நின்றது. எங்கே தவறினேன்?
– வாசகி, மந்தைவெளி

பதில்: மிக்ஸிதான் காரணம், அம்மா. புதினாவின் மணம், இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தங்கியிருக்கிறது; அதை வெளியே கொண்டுவர, இலையை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டினாலே போதும். மிக்ஸி பிளேடோ அத்தோடு நிற்காமல் இலையின் உட்பகுதியையும் கிழித்துவிடுவதால், பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும் சாற்றில் இறங்குகின்றன. காற்றுப் பட்டதும், நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போலவே அதுவும் கறுக்கிறது. எலுமிச்சையின் புளிப்புச் சேர்ந்தால் பச்சை நிறம் இன்னும் மங்கிப்போகும். சட்னியில் தேங்காயும் மிளகாயும் இருப்பதால் இந்தக் கசப்பு தெரிவதில்லை. தண்ணீர் போன்ற தர்பூசணிச் சாற்றுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ராமநவமிக்குப் பானகம் கரைக்கும் பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்ட பிறகு, துளசியை மேலே மிதக்கத்தான் விடுவார்கள். துளசியை அரைத்துக் கலந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. புதினாவையும் அப்படியே நடத்துங்கள்.

முதல் நாள் மாலையே பாகைச் செய்துவிடலாம். 400 கிராம் சர்க்கரையில் இரண்டு எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிப் போட்டு, சர்க்கரை ஈரமாகி மணம் வரும்வரை விரல்களால் கசக்குங்கள். வெள்ளைப் பகுதி கசக்கும் என்பதால் அதைத் தொட வேண்டாம். 400 மில்லி தண்ணீர் ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்கினால் போதும், கம்பிப் பதம் தேவையில்லை. அடுப்பை அணைத்து, தட்டிய இஞ்சி ஒரு விரல் நீளத் துண்டும், கழுவி ஆய்ந்து லேசாகக் கசக்கிய புதினா இரண்டு கட்டும் போட்டு, உடனே மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். அரை மணி நேரம் கழித்து, பிழியாமல் வடிகட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வடிகட்டியில் தங்கிய புதினா வாடிக் கறுத்திருக்கும். பாகு தெளிவாக இருக்கும்.

விழா நாளன்று 6 கிலோ அளவுக்குத் தர்பூசணி வாங்கினால், தோலும் விதையும் போக ஏறத்தாழ 3 லிட்டர் சாறு கிடைக்கும். இதைத் துண்டுகளாக்கி மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு வடிகட்டலாம். பழத்துக்கு மிக்ஸி பாதகமில்லை, விதை நொறுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாகையும், 1 லிட்டர் குளிர்ந்த நீரையும், இரண்டு சிட்டிகை உப்பையும் கலந்து, ருசி பார்த்துப் பாகைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். உப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு: மிச்சமிருக்கும் கசப்பை நாக்கு உணராமல் அடக்குவது அதுதான். பத்து எலுமிச்சம்பழங்களை, தோல் துருவிய இரண்டையும் சேர்த்து, பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் பிழிய வேண்டும். ஒருமுறை வேலை மிச்சமாகட்டும் என்று காலையிலேயே விதையோடு பிழிந்து வைத்து, மாலையில் ஒரு பாத்திரம் முழுவதையும் கொட்டியிருக்கிறேன். பிழிந்து வைத்த சாறு நேரம் ஆக ஆகக் கசப்பேறும், சாத்துக்குடியில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு புதினாக் கொழுந்தைத் தட்டிப் போட்டுக் கொடுங்கள். குடிக்கக் குனியும்போதே மூக்குக்கு மணம் வந்துவிட வேண்டும்.

வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரை இதில் சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வெட்டிவேரும் புதினாவும் ஒரே கிளாஸில் சண்டை போடும். நன்னாரியும் அப்படித்தான்; அதற்கு எலுமிச்சை மட்டுமே துணை.

கர்ப்பிணிக்கும் கொடுக்கப்போகிற பானம் என்பதால் சுத்தத்தில் கூடுதல் கண் வேண்டும். தர்பூசணி புளிப்பில்லாத பழம், கிருமிகளுக்கு அது நல்ல இடம். நறுக்கி வைத்து விற்பதை வாங்காமல் முழுப் பழமாக வாங்கி, வெட்டுவதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள்; இல்லாவிட்டால் தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும். ஐஸ் கட்டியைக் கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே உறைய வையுங்கள். மே மாதச் சென்னையில் கலந்த பானத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது; பாதியைக் கலந்து, மீதியை உள்ளேயே குளிர வைத்திருங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இத்தகைய பானங்களில் சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுக்கலாமா? சப்ஜா விதையை எப்படிச் சேர்ப்பது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பனங்கற்கண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், மணத்தில் வேறுபாடு உண்டே தவிர, இரத்தத்தில் ஏறுவதில் பெரிய வேறுபாடில்லை. பழச்சாறுக்குப் பதிலாக, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குப் பழத்தைத் துண்டாகவே கொடுங்கள். குடிப்பதற்கு, விதை நீக்கிய வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்த சாறு, அரை மூடி எலுமிச்சை, தட்டிய புதினா ஆகியவற்றைக் குளிர்ந்த நீரில் சேர்த்தால் போதும். இரத்த அழுத்தம் இல்லையென்றால் ஒரு சிட்டிகை உப்பும் போடலாம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை. ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, ஒவ்வொரு விதையும் வெள்ளைக் கண்ணாடி போலப் பருத்த பிறகே கலக்குங்கள். உலர்ந்த விதையை அப்படியே கொடுத்தால் தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர் என்றால் சப்ஜாவே வேண்டாம்.