அமெரிக்காவில் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்கும்போது, தங்கை கல்யாணத்துக்கு மன்னார்குடி போய்த் திரும்பலாமா?

போகலாம். அட்வான்ஸ் பரோல் (விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி) வராவிட்டாலும், உங்கள் எச்-4 (எச்-1பி காரரின் துணைக்கான) விசா செல்லுபடியாக இருந்து, கணவர் எச்-1பி (தற்காலிக வேலை விசா) நிலையிலேயே தொடர்ந்தால், தங்கை கல்யாணத்துக்குப் போய் எச்-4-லேயே திரும்பி வரலாம். உங்கள் ஐ-485 கைவிடப்பட்டதாக ஆகாது.

"வெளியே போனால் விண்ணப்பம் போச்சு" என்று உங்களைப் பயமுறுத்தியவர்கள் பொது விதியைச் சொல்லியிருப்பார்கள். எச்-1, எச்-4, எல்-1 (நிறுவனத்துக்குள் மாற்றலாகி வந்தவர்), எல்-2 (அவர் குடும்பத்தார்) காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

டிக்கெட் போடுமுன் பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஸ்டிக்கரில் காலாவதித் தேதியைப் பாருங்கள். குடிவரவுத் துறையின் ஐ-797 நீட்டிப்புக் கடிதத்தில் இருக்கும் தேதி வேறு, இது வேறு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஸ்டிக்கர் காலாவதி என்றால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அப்பாயிண்ட்மென்ட் கிடைக்காமல் ஊரிலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், ஐ-485 ரசீது, கணவரின் ஐ-797, சமீபத்திய சம்பளச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். சி09 (ஐ-485 அடிப்படையில் தந்தது) என்று அச்சிட்ட வேலை அனுமதி அட்டையில் வேலை பார்த்திருந்தால் உங்கள் எச்-4 நிலை போயிருக்கலாம். அப்போது பரோல் கைக்கு வராமல் கிளம்பவே கூடாது. சி26 அட்டை (எச்-4 அடிப்படையில் தந்தது) என்றால் பிரச்சினை இல்லை. எந்த அட்டை என்று தெளிவில்லையென்றால் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பரோல் மனு நிலுவையில் இருக்கும்போது கிளம்பினால் அந்த மனு மட்டும் தள்ளுபடி ஆகலாம், திரும்பி வந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.