எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அரசு மருத்துவமனை ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்று, காலையில் செப்ட்ரான் ஒன்று. பத்தாவது நாளிலிருந்து நெஞ்சிலும் முதுகிலும் சிவந்து தடித்து அரிக்கிறது. காய்ச்சல் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

பலரும் முதலில் ராத்திரி மாத்திரையைத்தான் சந்தேகப்படுவார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை என்றால், அதனால் தடிப்பு வருவது குறைவு. எனக்குச் சந்தேகம் செப்ட்ரான் மேல்தான். அது சல்ஃபா வகையைச் சேர்ந்த, தொற்றைத் தடுக்கும் மருந்து. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; அதுவும் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் தெரியும். உங்கள் பத்தாவது நாள் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

லேசான தடிப்புதான் என்றால், அரிப்புக்கு மாத்திரை கொடுத்து, செப்ட்ரானையும் தொடரச் சொல்லிக் கவனிப்பது உண்டு. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, வாயிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தாலோ, கண் சிவந்து உறுத்தினாலோ, தோல் கொப்புளித்து உரிந்தாலோ, தொட்டாலே எரிந்தாலோ, முகம் வீங்கி மூச்சு திணறினாலோ, கண் மஞ்சளித்தாலோ கதையே வேறு. அப்போது அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் சரி. மெடிக்கல் ஷாப்பில் ஊசி போட்டுக்கொண்டு பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

செப்ட்ரானை நிறுத்த வேண்டி வந்தாலும் வழி இருக்கிறது. சி.டி.4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை 350-க்குக் கீழே இருப்பவர்களுக்கு நிமோனியா போன்ற தொற்றுகள் வராமலிருக்கத்தான் அதைத் தருகிறார்கள். பதிலுக்கு, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு டாப்சோன் என்ற மாற்று மருந்து தரலாம். தடிப்பு கடுமையாக இல்லாதவர்களுக்குச் செப்ட்ரானையே துளித்துளியாக ஆரம்பித்து அளவைக் கூட்டி உடம்பைப் பழக்குவதும் உண்டு. அதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும். கொப்புளம், வாய்ப்புண் வந்தவர்களுக்கு அது கூடவே கூடாது.

இன்னொன்று. பின்னாளில் அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு மாற்றினால் முதல் ஆறு வாரம் கவனம். காய்ச்சல், தடிப்பு, வாந்தி, இருமல் சேர்ந்து வந்து மருத்துவர் அதை நிறுத்திவிட்டால், பிறகு ஒரு வேளைகூடப் போடக் கூடாது. மறுபடி போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தடிப்பு எந்த மருந்தால் என்று முடிவானதும் அதன் பெயரை உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைச் சொல்லுங்கள்.