அடிமை ஒழிப்பு: சட்டம் எதை ஒழித்தது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பிரிட்டன் அடிமை முறையை 1807-இல் ஒழித்ததாக ஒரு நூலிலும் 1833-இல் ஒழித்ததாக இன்னொரு நூலிலும் படித்தேன். இவற்றில் எது சரி? அடிமை ஒழிப்பு என்பதற்கு உண்மையில் என்ன பொருள்?

பதில்: இரண்டு ஆண்டுகளும் சரியே, அவை இரு வேறு சட்டங்களைக் குறிக்கின்றன. ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி விற்கும் வணிகத்தை மட்டுமே 1807-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஜமைக்காவிலோ பார்படோஸிலோ அதற்கு முன் அடிமையாக இருந்தவர் அதற்குப் பின்னும் அடிமையாகவே இருந்தார். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் தோட்ட முதலாளியின் உடைமையாகவே கணக்கில் ஏறியது. அந்த உடைமை உரிமையின் மீது கை வைத்தது 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஒரு மனிதரை விற்கவும், அடகு வைக்கவும், வாரிசுக்கு எழுதி வைக்கவும் அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. அது எந்த எல்லை வரை சென்றது என்பதற்கு 'சோங்' கப்பல் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. லிவர்பூல் வணிகர்களுக்குச் சொந்தமான அக்கப்பல் 1781-ஆம் ஆண்டின் இறுதியில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, மாலுமிகள் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசிக் கொன்றார்கள். 1783-இல் விவகாரம் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது அது கொலை வழக்காக வரவில்லை. இறந்தவர்களைச் சரக்காகக் கணக்கிட்டு உரிமையாளர்கள் கோரிய காப்பீட்டுத் தொகைக்கான வழக்காக வந்தது. ஜூரிகள் முதலில் உரிமையாளர்களுக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தனர். பின்னர் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னிலையில் மறுவிசாரணைக்கு உத்தரவானது. ஆயினும் கொலைக் குற்றத்துக்காக ஒருவர்கூடக் கூண்டில் நிறுத்தப்படவில்லை.

ஒழிப்பாளர்கள் அடிமைகளை அன்பாக நடத்துமாறு முதலாளிகளிடம் வேண்டிக்கொண்டவர்கள் என்று நினைப்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். மனிதரை உடைமையாகக் கொள்ளும் உரிமையையே சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. வணிகத்தை முதலில் நிறுத்தினால் மற்றது தானே நலிந்துவிடும் என்று தொடக்கத்தில் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

கேள்வி: வில்பர்ஃபோர்ஸ் போன்ற நல்ல மனம் படைத்த சில தலைவர்களின் முயற்சியால்தான் அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்று பள்ளியில் படித்தோம். அது முழு உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. வில்பர்ஃபோர்ஸ் 1789 முதல் 1807 வரை நாடாளுமன்றத்தில் தோல்விமேல் தோல்வி கண்டும் தளராமல் போராடியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு வலு சேர்த்தது நாடாளுமன்றத்துக்கு வெளியே திரண்ட இயக்கம். 1787 மே மாதத்தில் லண்டனில் பன்னிரண்டு பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புக்கான சங்கத்தைத் தொடங்கினர்; அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர் சமயப் பிரிவினர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான, குவேக்கர் அல்லாத தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். கைவிலங்குகளையும் விரல் நசுக்கும் கருவிகளையும் விலைக்கு வாங்கி வந்து மக்களுக்குக் காட்டினார்.

அடுத்த ஆண்டு 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் வரைபடம் அச்சாகி நாடெங்கும் பரவியது. ஓர் ஆணுக்கு ஆறு அடி நீளமும் பதினாறு அங்குல அகலமும் என்ற கணக்கில், வரிசை வரிசையாக மனித உருவங்களைக் கிடத்திக் காட்டிய படம் அது. 1788-இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 454 பேரை ஏற்ற அனுமதி பெற்றிருந்த அந்தக் கப்பல், அதற்கு முன்பு ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. அதாவது, படத்தில் கண்டு மக்கள் திகைத்த நெருக்கம், சட்டம் திருத்தி அனுமதித்த நெருக்கம்! வாக்குரிமையே இல்லாத பெண்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வீட்டுக்குள் அனுமதிக்க மறுத்தார்கள். 1792-இல் மட்டும் 519 மனுக்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன.

பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது அடிமைகளின் பங்கை. சோங் கப்பலின் கொடுமையை கிரான்வில் ஷார்ப் என்ற ஒழிப்பாளரிடம் கொண்டு சேர்த்த ஒலாடா ஈக்வியானோ, தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கிய முன்னாள் அடிமை. அப்போது பிரான்சின் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1794-இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. 1802-இல் நெப்போலியன் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அடிமை முறையை மீண்டும் நிலைநாட்ட முயன்றபோது, ஹெய்ட்டி மக்கள் அவருடைய படையை முறியடித்து 1804 ஜனவரி 1 அன்று தனி நாடானார்கள்.

ஜமைக்காவில் பாப்டிஸ்ட் சபையின் ஊழியராக இருந்த சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, 1831 கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்ற வேலைநிறுத்தத்துக்குத் தம் மக்களை ஆயத்தப்படுத்தினார். டிசம்பர் 27 இரவு தோட்டங்கள் தீப்பற்றி எரிய, அது பெருங்கிளர்ச்சியாக மூண்டது. கிளர்ச்சியை அடக்கிய பின் 300-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1832 மே மாதம் ஷார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது தற்செயலானதன்று என்பது என் உறுதியான கருத்து. இனியும் தாமதித்தால் தீவுகளே கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் லண்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: விடுதலையின்போது இழப்பீடு அடிமைகளுக்கு அல்லாமல் முதலாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: ஆம், அதுவே நடந்தது. முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அது அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடனின் எச்சம் 2015-இல்தான் தீர்ந்தது. விடுதலை பெற்ற சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. அதோடு, 1834 ஆகஸ்ட் 1 முதல் 'பயிற்சிப் பணி' என்ற பெயரில் பழைய முதலாளிக்கே வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. மக்கள் எதிர்ப்பால் 1838-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஹெய்ட்டிக்கு நேர்ந்தது இன்னும் கொடியது: 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன்னுடைய குடியேறிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கேட்டது. அடிமைகளாக இருந்தவர்களே தங்கள் விடுதலைக்கு விலை கட்ட நேர்ந்தது.

1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது.

கேள்வி: அமெரிக்காவில் லிங்கன் 1863-இல் எல்லா அடிமைகளையும் விடுவித்தாரா?

பதில்: இல்லை. 1863 ஜனவரி 1 பிரகடனம், அமெரிக்க ஒன்றியத்துக்கு எதிராகக் கிளர்ச்சியில் ஈடுபட்ட தென்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்துடன் நின்ற கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் ஏற்கப்படும் வரை அடிமை முறை சட்டப்படியே நீடித்தது. அந்தத் திருத்தமும் குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை விதிக்கலாம் என்று விலக்களித்தது. அந்த விலக்கைப் பயன்படுத்தித் தென் மாநிலங்கள், அற்பக் குற்றங்களுக்காகக் கறுப்பினத்தவரைச் சிறையிலடைத்துச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. விலக்கு வாசகம் இன்றும் அரசமைப்பில் இருக்கிறது. கொலராடோ வாக்காளர்கள் தங்கள் மாநில அரசமைப்பிலிருந்து அத்தகைய வாசகத்தை 2018-இல் நீக்கினர். சிறைக் கைதிகளின் கட்டாய உழைப்பைத் தடை செய்யும் திருத்தம் கலிஃபோர்னியாவில் 2024-இல் வாக்கெடுப்பில் தோற்றது.