கிளேடியேட்டர் மாடல்: மேல் இறக்கையை எப்போது ஒட்டுவது?

கேள்வி: ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) கிளாஸ்டர் கிளேடியேட்டர் கிட் செய்துகொண்டிருக்கிறேன். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்ட பிரிட்டிஷ் போர் விமானம் இது. மேல் இறக்கை ஒரு பக்கம் சாய்கிறது. இறக்கைகளுக்கு இடையே ஓடும் கம்பிக்காகக் கட்டிய நூலும் தொய்கிறது. 1937-இல் இருந்த வெள்ளி நிறத்தில் முடிக்க ஆசை. எந்த வரிசையில் போவது?

பதில்: மேல் இறக்கையை ஒட்டும் வேலையைத் தள்ளிப் போடுங்கள். பெயின்ட், டெக்கால் (ஒட்டும் சின்னங்கள்), கம்பிக்கான துளை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு இரண்டு இறக்கைக்கும் நடுவே பிரஷ்கூட நிம்மதியாக நுழையாது. ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இதன் முன்னோடியான கான்ட்லெட்டில் பக்கத்துக்கு இரண்டு வரிசை ஸ்ட்ரட் (இறக்கைகளை இணைக்கும் தாங்குகால்) உண்டு, கிளேடியேட்டரில் ஒன்றுதான்.

முதலில் வெள்ளி. இறக்கையும் உடலின் பின்பகுதியும் துணி. அதன் மேல் அலுமினியத் தூள் கலந்த டோப், அதாவது துணியை விறைப்பாக்கும் பூச்சு. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகள் உலோகம். ஒரே டப்பா பெயின்டை எல்லா இடத்திலும் அடித்தால் மாடல் பொம்மையாகிவிடும். துணிக்குச் சாம்பல் கலந்த மங்கிய வெள்ளி, தகடுகளுக்கு மட்டும் பளபளப்பு. துணியில் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. துணிக்கு அடியில் உள்ள ரிப் சட்டங்களின் மேடுகளின் ஓரத்தில் லேசான நிழல் போதும். போர் மூளும் என்று அஞ்சிய 1938 மியூனிக் நெருக்கடியின்போது இந்த வெள்ளியெல்லாம் பச்சை, பழுப்புப் பூச்சுக்குள் மறைந்தது. எனவே 1937 என்றால் ஸ்க்வாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) வண்ணப்பட்டைகளைத் தயங்காமல் போடுங்கள்.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். கீழ் இறக்கையும் வாலும் முழுசாகக் காயட்டும். மேல் இறக்கையை மேசையில் குப்புற வைத்து, விமானத்தைத் தலைகீழாக அதன் மேல் இறக்குங்கள். இங்கே சூப்பர் க்ளூ வேண்டாம். மெதுவாகப் பிடிக்கும் பிளாஸ்டிக் சிமென்ட் என்றால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். முன்னாலிருந்து பாருங்கள்: இரு முனையிலும் இறக்கைகளுக்கு இடையிலான இடைவெளி சமமா? பிறகு சுக்கானிலிருந்து ஒவ்வொரு இறக்கை முனைக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு ராத்திரி தொடாதீர்கள்.

கம்பிக்குத் தையல் நூல் ஆகாது, பிசிறு தெரியும். மெல்லிய தங்கூஸ் நரம்பு வாங்குங்கள். 0.1 மி.மீ. நரம்பே இந்த அளவில் 7.2 மி.மீ. கம்பிக்குச் சமம், அதைவிடத் தடிமன் வேண்டாம். 0.3 மி.மீ. டிரில்லால் முன்பே போட்ட துளையில் ஒரு முனையைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி, காய்ந்ததும் இழுத்து மறுமுனையை ஒட்டுங்கள். உடலின் அடியிலிருந்து மேல் இறக்கைக்கு ஏறுபவை பறக்கும்போது பாரம் தாங்கும் கம்பிகள். மேலே நடுவிலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்குபவை தரையில் நிற்கும்போது தாங்குபவை. இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் நேராக்கிய இறக்கை மறுபடி சாயும். கொஞ்சம் தொய்ந்தால் எரியும் ஊதுபத்தியின் நுனியை நரம்பில் படாமல் அருகே கொண்டுபோங்கள், சூட்டில் சுருங்கி விறைக்கும். ஒரு விநாடி அதிகமானால் அறுந்துவிடும், முதலில் உபரித் துண்டில் கை பழகுங்கள். நிறம் கறுப்பு அல்ல, மங்கிய எஃகு நிறம்.

காக்பிட் கண்ணாடியைக் கம்பி வேலையெல்லாம் முடிந்த மறுநாள் ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப் பூத்துவிடும்.